இரண்டு திருகாணித் துளைகள்

வீட்டோடு வந்தது அந்தக் கண்ணாடி.
சன்னலுக்கு வெளியே இரும்புக் கையில்
பாதி திறந்த புத்தகம்போல்
இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும்.
டென்மார்க்கின் தெற்கே எங்கள் தீவில்
பழைய வீடுகள் பலவற்றுக்கும் உண்டு.
திரைச்சீலையை விலக்க வேண்டாம்.
துறைமுகம் முதல் தேவாலயம் வரை
தெரு முழுவதும் மடியில் வந்து விழும்.
என் முகம் மட்டும் அதில் தெரியாது.

நான் துணி தேய்க்கிறவள்.
விடுதிக்குப் படுக்கை விரிப்பு,
கோவிலுக்குப் பீட விரிப்பு.
கை தன்பாட்டுக்கு மடிக்கும்,
கண் தெருவுக்குப் போய்விடும்.

படகுத்துறையில் கயிறு பிடிக்கும் லௌரிட்ஸ்
ஐந்தரைக்குக் கூடையோடு வருவான்.
சிட்செலின் வீட்டுக்கு முன்கதவு இருக்கிறது.
அவன் பின்கதவுக்குப் போவான்.
கூடையின் மேல் நீலக் கட்டம் போட்ட துண்டு.
திரும்பும்போது கூடை கனமா, லேசா,
தோளின் சரிவை வைத்தே சொல்லிவிடுவேன்.
நவம்பரில் பதினேழு முறை.

வம்பு பேசினேன் என்று யாரும் சொல்ல முடியாது.
புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில்
தலை குனிந்து, குரல் தாழ்த்தி,
"சிட்செலுக்காக ஜெபிப்போம்" என்றேன். அவ்வளவுதான்.
"ஏன், அவளுக்கு என்ன?" என்றாள் வால்போர்க்.
"கர்த்தருக்குத் தெரியும்" என்றேன்.
வெள்ளிக்கிழமைக்குள்
கர்த்தருக்குத் தெரிந்ததெல்லாம்
ரொட்டிக் கடைக்கும் தெரிந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் இருக்கையில்
திருவிருந்து மேசை விரிப்பு என் பலகையில்.
சிட்செலின் பின்கதவு திறந்தது.
கண்ணாடியில் பனி. சரியாகத் தெரியவில்லை.
கழுத்தை நீட்டினேன்.
மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது.
பதறி எடுத்தால்,
வெள்ளை லினனில் பழுப்பாய் ஒரு படகு,
கூர்முனை, அகன்ற பின்புறம்,
கிண்ணம் வைக்கிற இடத்திலேயே.

எலுமிச்சை. உப்பு. வெயிலில்லாத டிசம்பர்.
போகவில்லை.

போதகர் ஹோல்கர் விரித்துப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
எப்படி என்று கேட்கவில்லை.
கருகிய முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு
அதன்மேல் ரொட்டியை வைத்தார்.

கேட்காமல் விடுவதும்
தலைமேல் வைத்த கைபோல் கனக்கும்.
முழங்காலிட்டேன்.
பக்கத்தில் சிட்செல்.
விரல்களில் உப்புநீர் வெடிப்பு.
எதிர்வீட்டுக்காரியை அன்றுதான்
நேராகப் பார்த்தேன்.

முப்பது வருடம் நாசரேத்தில் இருந்தார்.
எந்தப் பலகை, யார் வீட்டு நிலைப்படி,
எவன் கூலி பாக்கி வைத்தான்,
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
உலகத்தை இரட்சிக்க வந்தவருக்கே
அத்தனை வருடம்
தன் வேலை இருந்தது.
பிற்பாடு ஒரு விடியலில், கடற்கரையில்,
மீன் தின்ற கை காயுமுன்னே
பேதுரு திரும்பி மற்றவனைப் பார்த்தான்.
அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும்.
கழுத்தில் எந்த நரம்பு இழுக்கும் என்பதுகூட.

திங்கட்கிழமை திருகாணிகளைக் கழற்றினேன்.
ஒன்று துருவேறி வர மறுத்தது,
வெண்ணெய்க் கத்தியால் நெம்பினேன்.
கத்தி வளைந்துபோயிற்று.
சுவரில் இரண்டு துளைகள் மிச்சம்.
ஏப்ரலில் ஒன்றில் ஒரு ஒற்றைத் தேனீ குடிவந்தது.
உள்ளே அது என்ன செய்கிறதென்று நான்...
சரி, ஒருமுறை பார்த்தேன்.

காது இன்னும் பழைய வேலைக்குப் போகிறது.
ஐந்தரை மணி, கல் பாவிய தெரு, ரப்பர் பூட்ஸ்.
என் கை நின்றுவிடும்.
"அடியே, துணி" என்பேன் எனக்கே.
பெட்டி நகரும்.

மே மாதத்து நடுராத்திரி ஒன்றில்
சிட்செல் என் கதவைத் தட்டினாள்.
முன்கதவை.
"கொஞ்சம் வர முடியுமா?"
செருப்பைத் தேடாமல் ஓடினேன்.
விடியும்வரை அங்கே இருந்தேன்.
அங்கே கண்டதை
இதில் எழுதப்போவதில்லை.

ஒன்று மட்டும்.
சமையலறைக் கொடியில் கிடந்தது
அந்த நீலக் கட்டம் போட்ட துண்டு, கசங்கி.
கேட்டு வாங்கி வந்தேன்.
தண்ணீர் தெளித்து, ஓரம் இழுத்து,
கட்டங்கள் நேராகும்வரை
நாலுமுறை தேய்க்க வேண்டியிருந்தது.